வண்டியின் நோய்க்கு நெறியுண்டு; மாந்தனின் நோய்க்கு?

நடுவணரசின் தொடர்வண்டித்துறை நோயாளனை இரண்டு முறை எதிர்கொள்கின்றது. பயணச்சீட்டை அவன் வாங்கும்பொழுது ஒரு முறை. அச்சீட்டை நீக்கக் கோரி வரும்பொழுது மறுமுறை. முதன்முறை அவன் நோயாளன் என்பதை அது எழுத்துவழி ஒப்புகின்றது. மறுமுறையோ, அவனை எங்கும் கண்டதாகவே அது காட்டிக் கொள்வதில்லை.

புற்றுநோய், நெஞ்சாங்குலை நோய், சிறுநீரக நோய், எலும்புருக்கி, தொழுநோய், குருதி உறையாமை, தலசீமியா, அரிவாளணுச் சோகை முதலான 11 பிரிவினர்க்குத் தொடர்வண்டிக் கட்டணத்தில் சலுகை உண்டு. மருத்துவத்தின் பொருட்டுச் செல்லும் புற்றுநோயர்க்குப் படுக்கை வகுப்பிலும் குளிரூட்டிய மூன்றடுக்கு வகுப்பிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. அறுவைக்கோ குருதித் துப்புரவிற்கோ செல்லும் சிறுநீரக நோயர்க்குப் படுக்கை வகுப்பில் முக்காற் பங்கு தள்ளுபடி. துணைக்குச் செல்வார் ஒருவர்க்கும் அச்சலுகை உண்டு. 2020 மார்ச்சில் முதியோர் சலுகை உட்படப் பலவும் நிறுத்தப்பெற்ற பொழுதும், நோயர் சலுகை நிறுத்தப்பெறவில்லை. நன்றே, இதனைக் குறைகூறுவார் இலர். ஆனால், ஈளை நோயரும் வலிப்பு நோயரும் முடக்குநோயரும் அப்பட்டியலில் இலர். அவர்கள் முழுக் கட்டணம் செலுத்தியே செல்கின்றனர்.

இனி, மறுமுறை நிகழ்வதைப் பார்த்தல் வேண்டும். 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத் திருப்ப விதிகள், இடம் உறுதியான பயணச்சீட்டை நீக்குவார்க்கு ஓர் அட்டவணையை வகுத்தன. வண்டி புறப்பட 48 மணிநேரத்திற்கு முன் நீக்கினால் படுக்கை வகுப்பில் ஆளுக்கு 120 உருபா பிடித்தம். 48 முதல் 12 மணிநேரத்திற்குள் நீக்கினால் கட்டணத்தில் காற்பங்கு. 12 முதல் 4 மணிநேரத்திற்குள் அரைப்பங்கு. அதற்கும் பிந்தினால் ஒரு காசும் இல்லை. 500 உருபா சீட்டொன்றை வைத்துக் கணக்கிட்டால், நான்கு நாள் முன்னதாக மனம் மாறியவன் 380 உருபாவைத் திரும்பப் பெறுவான். புறப்படும் நாளின் விடியலில் குருதி வாந்தியெடுத்து மருத்துவமனையிற் கிடத்தப்பட்டவன் 250 பெறுவான். அல்லது ஒன்றுமே பெறான். துணைக்கு வரவிருந்த தாயின் சீட்டும் உடன் வீணாகும். அவ்வட்டவணையின் எக்கட்டத்திலும் நோய்க்கென ஓர் இடம் இல்லை.

நாட்பட்ட நோயின் இயல்பு யாது? அது நாற்பத்தெட்டு மணிநேர அறிவிப்புக் கொடுத்து வருவதன்று. அரிவாளணுச் சோகையை எடுத்துக் கொள்ளலாம். இந்தியாவில் இந்நோய்க்கூறு முதன்முதலாக 1952-இல் கண்டறியப்பெற்றது நீலமலைப் பழங்குடி மக்களிடத்தேதான். வட்டமாக இருத்தற்குரிய குருதிச் செவ்வணுக்கள் அரிவாள்போல் வளைந்து, நுண்ணிய குழாய்களில் அடைத்துக் கொள்கின்றன. குளிரோ, காய்ச்சலோ, நீர் வறட்சியோ போதும். சில மணிநேரத்தில் எலும்பெல்லாம் வலியெடுத்து எழவும் இயலாமற் போகும். முன்னாள் மாலை நன்றாக இருந்தவன் மறுநாட் காலை நடக்க மாட்டான். குருதி உறையாமை உடையவனுக்கு மூட்டிற் குருதி கசிவதும் அத்தகையதே. இவர்களைப் பார்த்து, 'இரண்டு நாளுக்கு முன்னரே ஏன் சொல்லவில்லை?' என்று வினவும் ஓர் அட்டவணை யாருக்காக வகுக்கப்பட்டது? நலமாக இருப்பவர், நலமாக இருப்பவர்க்கென்றே வகுத்தது அது.

நாளை உடல் எவ்வாறிருக்கும் என்று அறியாதவன், புறப்படும் முதல் நாள் வரை காத்திருந்து சீட்டு வாங்குவதே அறிவுடைமை. அதற்கும் தண்டனை உண்டு. 'தத்கால்' என்னும் வடசொல்லால் வழங்கப்பெறும் அவ்வுடனடிச் சீட்டிற்கு மேற்கட்டணம் தனி. நோயர் சலுகை அதிற் செல்லாது. இடம் உறுதியான பின் நீக்கினால் எதுவும் திரும்பாது. முன்கூட்டி வாங்கினாலும் இழப்பு, பிந்தி வாங்கினாலும் இழப்பு.

பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ கணவன் மனைவி மக்களுக்கோ சீட்டை மாற்றிக் கொடுக்கலாமே என்பர் சிலர். ஆம், 24 மணிநேரத்திற்கு முன் எழுதிக் கொடுத்தால் மாற்றலாம். மகனுக்குச் செய்யவேண்டிய மருத்துவத்தைத் தந்தை போய்ச் செய்துகொண்டு வருவாரோ?

வண்டி மூன்று மணிநேரத்திற்கு மேற் காலந்தாழ்ந்தால், பயணத்தைக் கைவிடுவார்க்கு முழுக் கட்டணமும் திருப்பித் தரப்படும் என்று அவ்விதிகளே கூறுகின்றன. குளிரூட்டும் பொறி பழுதுபட்டால் அதற்கும் கட்டண வேறுபாடு திரும்பும். இரும்பு இளைத்தால் இரக்கம் உண்டு. ஊன் இளைத்தால் இல்லை!

இதற்குத் துறையின் பக்கத்திலிருந்து சொல்லப்படும் மறுமொழி, இடங்களை முடக்கி விற்கும் தரகர்களை ஒடுக்கவே பிடித்தம் உயர்த்தப்பட்டது என்பதாம். தரகரை ஒடுக்குதல் வேண்டியதே. ஆனால், மருத்துவமனைக் கட்டிலில் கிடந்து, மருத்துவர் கையொப்பத்தோடு விண்ணப்பிக்கும் தரகன் எங்குளன்? சலுகை வழங்கும்பொழுது அதே கையொப்பத்தைத் துறை நம்புகின்றதே! நோயாளன் விட்டுச் சென்ற இடமும் பெரும்பாலும் வெறுமையாய்ப் போவதில்லை; காத்திருப்போர் பட்டியலில் நிற்பவன் கட்டணம் செலுத்தி அதில் ஏறிக் கொள்கின்றான். ஒரே இடத்திற்கு இருவரிடம் பணம் பெறுதல் வணிகமாகலாம், அரசாண்மை ஆகாது. 2017 சனவரி முதல் 2020 சனவரி வரையிலான மூன்றாண்டுகளில், உறுதிச் சீட்டுகளை நீக்கியதால் மட்டும் துறைக்கு வந்தது 4,600 கோடி உருபாவுக்கு மேல் என்பது தகவல் உரிமைச் சட்டத்தின்வழி வெளிவந்த செய்தி. அதில் நோயர் பணம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டப்படவில்லை.

வானூர்தி நிறுவனங்களின் செய்தி வேறு. 2016 ஆகத்தில் நடைமுறைக்கு வந்த நெறிகளின்படி, திரும்பாச் சீட்டாயினும் அரசு வரிகளையும் நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தந்தே ஆகல் வேண்டும். பலர் இதனை அறியாமற் கேளாது விடுகின்றனர். கேளாதவர்க்குத் தாமே முன்வந்து சொல்லும் நிறுவனத்தைத் தேடித்தான் பார்த்தல் வேண்டும். காப்பீடு காக்கும் என்று நம்புவாரும் ஏமாறுவர். தொடர்வண்டிச் சீட்டோடு 2016 முதல் விற்கப்பெறும் காப்பீடு வண்டி நேர்ச்சிக்கு மட்டுமே உரியது. ஏனைப் பயணக் காப்பீட்டு முறிகளிற் பெரும்பாலானவை, 'முன்னரே உள்ள நோய்' என்னும் தொடரால் நாட்பட்ட நோயரை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றன. எந்நோயினாற் பயணம் தடைப்படுமோ, அந்நோய்க்கே காப்பில்லை.

இவ்விதிகள் அரசிதழில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளிவந்தன. கூடலூர் மலைச்சரிவிற் கூலிவேலை செய்யும் ஒருவன் அவற்றை எம்மொழியிற் படிப்பான்? காட்பாடி நிலையத்தில் இறங்கி வேலூர் மருத்துவமனைக்குச் செல்லும் வங்காள உழவனுக்கும் இதே நிலைதான். அவன் தாய்மொழியும் அரசிதழின் மொழி அன்று. வழக்காடலாம் என்றாலோ, கட்டணத் திருப்ப வழக்குகள் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொடர்வண்டி இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திற்கு உரியவை. அதன் அமர்வோ சென்னையில் உள்ளது. 250 உருபாவிற்காக மலையிலிருந்து நோயுடம்போடு சென்னைக்குச் செல்லல் வேண்டும். அப்பயணத்திற்கும் ஒரு சீட்டு வாங்கல் வேண்டும்.

கோரப்படுவது பெரிதன்று. சலுகைக்கு ஏற்கப்படும் மருத்துவச் சான்று, நீக்கத்திற்கும் ஏற்கப்படல் வேண்டும். பட்டியலில் உள்ள 11 பிரிவினர்க்கு மட்டுமன்றி, நாட்பட்ட நோயென மருத்துவர் சான்றளிக்கும் எவர்க்கும், துணைவர்க்கும், உடனடிச் சீட்டிற்கும் அது பொருந்தல் வேண்டும். வண்டி புறப்பட்ட பின்னரும் சில நாள் வரை அச்சான்றைக் கொடுக்க இடம் தரல் வேண்டும். நினைவிழந்து கிடப்பவன் நான்கு மணிநேரத்திற்கு முன் விண்ணப்பம் எழுதான். அவ்விதி தமிழ்நாட்டு நிலையங்களில், முன்பதிவுச் சாளரத்திற்கு மேலேயே, தமிழில் எழுதி வைக்கப்படல் வேண்டும்.