பேர்லினில் இரு இடிப்புகள்

கட்டடங்கள் பேசுவதில்லை என்பர். பேர்லினைப் பொறுத்தவரை அது பொய்.

ஜேர்மன் பாராளுமன்றத்தை 1999இல் புதுப்பித்துக் கொடுத்தவர் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நோர்மன் பொஸ்டர். அதன் கண்ணாடிக் குவிமாடத்தில் ஏறும் மக்கள், தம் பிரதிநிதிகள் கூடும் மண்டபத்தைக் கீழ்நோக்கிக் காணலாம். 1945இல் சோவியத் வீரர்கள் சுவர்களில் கிறுக்கியவையும் பேணப்பட்டுள்ளன. தோல்வியின் தழும்பை மறைக்காத அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

அதே நகரில் வேறொன்றும் நடந்தது. போரில் சிதைந்த பிரஷ்ய அரண்மனையைக் கிழக்கு ஜேர்மன் அரசு 1950இல் இடித்தது. அவ்விடத்தில் 1976இல் குடியரசு மாளிகை திறக்கப்பட்டது. பாராளுமன்றத்தோடு உணவகங்களும் கலையரங்கும் அதற்குள் இருந்தன. சாதாரண மக்கள் கூடிக் களித்த இடம் அது. 1990 ஓகஸ்டில் மேற்குடன் இணையக் கிழக்கின் பிரதிநிதிகள் வாக்களித்ததும் அங்கேதான். அஸ்பெஸ்டஸ் ஆபத்தால் அவ்வாண்டே அது மூடப்பட்டது. அஸ்பெஸ்டஸ் அகற்றப்பட்ட பின்பும் மாளிகை தப்பவில்லை. 2006 முதல் 2008 வரை இடித்தழிக்கப்பட்டது. இன்று அங்கே நிற்பது ஹம்போல்ட் மன்றம். மூன்று பக்கம் பழைய அரண்மனையின் முகப்பு. உள்ளே புதிய கொங்கிறீட்.

2002இல் பாராளுமன்றமே பெரும்பான்மை வாக்கால் அரண்மனை முகப்பைத் தெரிவுசெய்தது என வாதிடுவோர் உளர். உண்மைதான். பெரும்பான்மை வாக்கு ஒரு கட்டடத்தை அகற்றலாம். அதில் வாழ்ந்தவர்களின் நினைவை அகற்ற அதற்கு உரிமையில்லை. 1950இல் நடந்தது தவறென்றால், 2006இல் நடந்தது எப்படிச் சரியாகும்?

அந்நியப் படைவீரரின் கிறுக்கலுக்குக் கிடைத்த இடம், சொந்த நாட்டின் கிழக்கு மக்களுடைய நினைவுக்குக் கிடைக்கவில்லை என்பதே என் மனக்குறை.