எக்ஸ் என்ற எழுத்துக்கு எவ்வளவு காசு கொடுப்பீர்கள்?

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். கேம் விளையாடவும் படிக்கவும்தான் கணினி என்றால், ஏஎம்டி ரைசனுக்கு பி650 அல்லது பி850 சிப்செட் உள்ள மதர்போர்ட் போதும். எக்ஸ்870ஈ வாங்குவது பெரும்பாலும் காசைக் கரியாக்குகிற வேலை.

எங்கள் வீடுகளில் முதல் கேமிங் பிசிக்கான காசு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அப்பாவின் ஓவர்டைம், இல்லாவிட்டால் நீங்கள் சனி ஞாயிறு கடையில் நின்று சேர்த்தது. அண்மையில் சித்தியின் மகன் தான் வாங்கப் போகும் சாமான்களின் பட்டியலை அனுப்பினான். ரைசன் 5 7600, ஒரு சின்ன கிராஃபிக்ஸ் கார்ட், அவற்றோடு எக்ஸ்870ஈ போர்ட். போர்டின் விலை ப்ராசஸரைவிடக் கூட! ஏனடா என்று கேட்டால், "ஃபியூச்சர் ப்ரூஃப் அண்ணா" என்கிறான்.

சிப்செட் உங்கள் கேமை வேகமாக ஓட்டாது. முக்கியமான இணைப்புகள் எல்லாம் இப்போது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கின்றன. ரைசன் 7000, 9000 வரிசைகளில் 28 பிசிஐஈ லேன்கள் உண்டு. 16 கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும், 8 எஸ்எஸ்டி போன்றவற்றுக்கு. மிச்சம் 4 தான் சிப்செட்டுக்கு. சிப்செட்டின் வேலை கூடுதல் யூஎஸ்பி, நெட்வேர்க், இன்னும் சில எஸ்எஸ்டிகளைச் சேர்த்துக் கொடுப்பது.

இனித்தான் வேடிக்கை. எக்ஸ்670இலும் எக்ஸ்870ஈயிலும் இருப்பது பி650இல் உள்ள அதே சிப், ஒன்றுக்குப் பதில் இரண்டு. ஒன்றின் பின்னால் மற்றதைத் தொடுத்திருக்கிறார்கள். ப்ராசஸருக்குப் போகும் வழியோ அதே 4 லேன்தான். ஈ இல்லாத எக்ஸ்870இல் அந்தச் சிப் ஒன்றுதான், கூடவே கட்டாயமாக ஒரு யூஎஸ்பி4 கன்ட்ரோலர். சாமத்திய வீட்டுக்கு ஹெலிகொப்டர் பிடிக்கிற சனம் நாங்கள், பெரிய எழுத்தைக் கண்டால் கை தானாகப் பேர்ஸுக்குப் போகும்.

சிப்செட் பெயரைவிட நான் பார்ப்பது விஆர்எம், அதாவது ப்ராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் பகுதி. ஒரே பி650 என்ற பெயரில் நல்ல போர்டும் உண்டு, ஒப்புக்குச் செய்த போர்டும் உண்டு. 65 வாட் 7600க்கு எதுவும் சமாளிக்கும். 170 வாட் 9950எக்ஸைப் பூட்டப் போகிறீர்கள் என்றால் கனமான ஹீட்சிங்க் உள்ளதாகப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பி840 என்ற பெயர் பி850இன் தம்பி மாதிரித் தெரியும். ஆனால் அந்தச் சிப்செட் தரும் லேன்கள் பிசிஐஈ 3.0தான், ப்ராசஸரை ஓவர்க்ளொக் செய்யவும் விடாது.

சரி, ஃபியூச்சர் ப்ரூஃப். எதிர்காலத்தைத் தருவது சொக்கெட், சிப்செட்டின் தரவரிசை அல்ல. ஏஎம்4 கதையைப் பாருங்கள். 2020 மே மாதம், அடுத்த தலைமுறை ரைசன்கள் 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்று ஏஎம்டி அறிவித்தது. பயாஸ் சிப்பில் இடம் போதாது என்பது காரணம். வாங்கியவர்கள் கொதித்தார்கள், அதே மாதமே ஏஎம்டி பின்வாங்கியது. 2022இல் 300 வரிசைக்கும் வழி திறந்தது. 2017இல் மலிவான பி350 வாங்கியவர்களில் பலர் இன்று 5800எக்ஸ்3டி பூட்டி விளையாடுகிறார்கள். அன்றைக்கு எக்ஸ்370க்குக் கூடக் கொடுத்தவருக்கும் அதே ப்ராசஸர்தான்.

இன்டெல் பக்கம் இந்த விஷயத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. 2017 ஒக்டோபரில் 8ஆம் தலைமுறை வந்தபோது சொக்கெட் அதே 1151 முனைகள், ஆனால் முந்தைய இசட்270 ஏற்கவில்லை. எல்ஜிஏ1700 மூன்று தலைமுறை தாங்கியது, 2024இல் எல்ஜிஏ1851 வந்ததும் அதுவும் முடிந்தது. ஏஎம்5ஐ 2027 வரையும் அதற்கு அப்பாலும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நான் அந்த வாக்கின் மேல்தான் காசு வைப்பேன்.

எக்ஸ்870ஈ யாருக்கு? நான்கைந்து என்விஎம்ஈ எஸ்எஸ்டிகளில் வீடியோ வெட்டுகிறவருக்கு, கேப்சர் கார்டும் வேகமான நெட்வேர்க் கார்டும் சேர்த்துப் போடுகிறவருக்கு. அவர்களுக்கு அது நியாயமான செலவு.

தம்பிக்கு பி650 போர்ட் எடுத்துக் கொடுத்து, மிஞ்சியதை கிராஃபிக்ஸ் கார்டில் போடச் சொன்னேன். வாங்குமுன் இரண்டு விஷயம் பாருங்கள். போர்ட் கொம்பனியின் தளத்தில் உங்கள் ப்ராசஸர் எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்று பட்டியல் இருக்கும். கடையில் கிடந்த பழைய பி650 பெட்டியில் ரைசன் 9000ஐப் பூட்டினால் திரை கறுப்பாகவே நிற்கலாம். அதற்காக, போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பாக் பொத்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், ப்ராசஸர் இல்லாமலே ஒரு யூஎஸ்பி ஸ்டிக்கால் புதுப்பித்துவிடலாம்.