ஒட்டுநாடாவின் உறுதி

உலகோர் பெரும்பாலும் பெரிய பொருள்களையே புகழ்வர். அணைக்கட்டையும் ஆகாய விமானத்தையும் வியந்து பேசுவோர் பலர். ஆணியையும் நூலையும் நினைப்போர் மிகச் சிலரே. அங்ஙனம் நினைக்கப்படாத சிறு பொருள்களுள் ஒன்று, கடைகளில் ‘டக்ட் டேப்’ என்று விற்கப்படும் ஒட்டுநாடா. மேலே நீர் புகாத பாலிதீன் படலம், நடுவே நெய்த துணி, கீழே ரப்பர் கலந்த பசை என மூன்றடுக்காய் அமைந்தது அது. கத்தரிக்கோலின்றிக் கையாலேயே கிழிக்கலாம்; ஆயினும் நீளவாக்கில் இழுத்தால் எளிதில் அறாது. அதன் உறுதியைப்பற்றி நம்மவர் கொண்டுள்ள எண்ணம் சரியானதுதானா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதன் பிறப்பு வரலாறு அறியத்தக்கது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாகாணத்துப் போர்த்தளவாடச் சாலையொன்றில் வெஸ்டா ஸ்டவுட் என்னும் அம்மையார் பணிபுரிந்து வந்தார். தோட்டாப் பெட்டிகளைத் தாள்நாடாவால் ஒட்டி மெழுகில் தோய்த்து அனுப்புவது அங்கு வழக்கம். பெட்டியைத் திறப்பதற்காக விடப்பட்ட தாள்நுனியோ இழுத்தவுடன் கிழிந்துபோம். பகைவன் எதிர்நிற்கும் வேளையில் பெட்டி திறவாதாயின் போர்வீரன் கதி யாதாகும்? அம்மையாரின் மைந்தர் இருவர் கடற்படையில் இருந்தனர். நீர் புகாத துணிநாடாவைக் கொண்டு ஒட்டலாம் என மேலதிகாரிகளிடம் சொல்லியும் பயன் காணாமையால், 1943 பிப்ரவரி 10 ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கே அவர் கடிதம் எழுதினார். கருத்து ஏற்கப்பட்டது, ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியார் நாடாவைச் செய்தளித்தனர். நாணற்பேழைக்கு நிலக்கீல் பூசி, மகவை அதில் வளர்த்தி, நதியோரத்தில் விட்ட மோசேயின் தாயை ஈண்டு நினையாதிருக்க இயலவில்லை. நீர் புகாதபடி மூட்டை அடைத்துப் பிள்ளையைக் காக்க எண்ணிய தாய்மார் இருவர்!

போர் முடிந்தபின் நாடா எங்கும் பரவியது. 1970 ஏப்ரலில் அப்போலோ 13 விண்கலத்தின் உயிர்வளிக் கலம் வெடித்தபோது, வீரர் மூவரும் தாம் விட்ட மூச்சின் நச்சுக்காற்றாலேயே மடியும் நிலை நேர்ந்தது. நச்சுக்காற்றை நீக்கும் சதுரப் பெட்டியை, அதற்குப் பொருந்தாத வட்டத் துளையோடு இணைத்தாக வேண்டும். அட்டை, பிளாஸ்டிக் பை, குழாய் ஆகியவற்றை ஒட்டுநாடாவால் பிணைத்து அவர்கள் உயிர் பிழைத்தனர்.

சந்திரன்வரை போவானேன்? எங்கள் நெல்லித்தோப்பின் தெருக்களைச் சுற்றிப் பார்த்தாலே போதும். கிழிந்த ஆட்டோ இருக்கை, உடைந்த வாளி, கைப்பிடி கழன்ற குடை, ஒழுகும் குழாய், பிள்ளைகளின் புத்தகப்பை ஆகிய எல்லாவற்றிலும் இந்நாடா காட்சி தரும். தமிழிலக்கணத்திற் சாரியை என ஒன்றுண்டு. தனக்கெனப் பொருளின்றி, இரண்டிற்கும் இடைநின்று அவற்றைப் பொருத்துவது அதன் தொழில். பொருளுலகின் சாரியை இந்நாடாவே எனலாம்.

இத்துணைப் பயனைக் கண்ட நம்மவர், “ஒட்டியாயிற்று, இனிக் கவலையில்லை” என்று இருந்துவிடுகின்றனர். இவ்வெண்ணமே பிழை என்பேன். நாடாவின் பெருமை உற்ற நேரத்தில் உதவுவதில் இருக்கின்றதேயன்றி, என்றும் நிலைத்து நிற்பதில் இல்லை. வெயிலிற் கிடந்தால் படலம் வெடிக்கும். வெப்பத்தில் பசை இளகும். புழுதி படிந்த இடத்தில் ஒட்டவே ஒட்டாது. 1972 டிசம்பரில் அப்போலோ 17 வீரர் சந்திரனில் தம் வண்டியின் உடைந்த சக்கரக்காப்பை நாடாவால் ஒட்டினர். புழுதியால் அஃது அன்றே கழன்று வீழ்ந்தது. மறுநாள் நிலப்படத் தாள்களை ஒட்டிச் சேர்த்துப் பிடிப்பான்களால் இறுக்கிய பின்னரே வண்டி ஒழுங்காய் ஓடியது. காற்றுக்குழாய்களை மூட உதவியதால் ‘டக்ட்’ என்று பெயர்பெற்ற இந்நாடா, 1998 இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் சோதித்தபோது அக்குழாய்களிலேயே தோற்றது.

புதுவை புயலறியாத ஊரன்று. 2011 டிசம்பர் 30 இல் தானே புயல் தாக்கியது. 2024 நவம்பர் 30 இல் வந்த ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி நகரம் வெள்ளக்காடாயிற்று. அத்தகைய நாளில், இந்நாடாவைச் சுற்றி மறைத்த மின்கம்பியொன்று தெருநீரில் தோய்ந்தால் விளைவது யாது? மின்சாரத்தைத் தடுத்தற்கென்று செய்யப்பட்டதன்று இந்நாடா. வெடித்த சமையல்வாயுக் குழாயின்மேல் இதைச் சுற்றுவதும் அத்தகைய ஆபத்தே. புயலுக்கு முன் சன்னற் கண்ணாடியில் பெருக்கற்குறியாக ஒட்டுவதாலும் கண்ணாடி வலுப்பெறாது. “ஏழைக்குப் புதியது வாங்க வழியேது?” என்பார் உளர். வாளிக்கும் குடைக்கும் அவ்வினா தகும். அங்கே நாடா ஏழையின் தோழன். உயிரோடு விளையாடும் கம்பிக்கும் வாயுக்குழாய்க்கும் அது தகாது. அங்கே மிச்சப்படும் காசு மிச்சமாகாது.

கட்டின் உறுதி எதில் உள்ளது என்பதை நம் கடற்கரை மக்கள் நன்கறிவர். கட்டுமரம் என்னும் பெயரே கட்டினாற் பிறந்தது. கரை சேர்ந்ததும் மரங்களைப் பிரித்து உலர்த்திவிட்டு, கடலேறும்போது மீண்டும் கட்டுவது அவர் வழக்கம். இயற்கைத் துறைமுகம் இல்லாத இப்புதுவையில், நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து மக்களையும் சரக்கையும் கரை சேர்த்த சலங்குகளும், ஆணியின்றிக் கயிற்றால் தைத்த பலகைகளே. அலை மோதும்போது தையல் நெகிழ்ந்து கொடுத்தமையால் அவை பிளவுபடவில்லை. நைந்த தையலை மீண்டும் தைத்தமையால் நெடுநாள் உழைத்தன. ஆகவே, கட்டு நிலைத்தது கயிற்றால் மட்டுமன்று. கட்டினவன் திரும்பத் திரும்பப் பார்த்தமையாலேயாம்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டில் ஒட்டுநாடாச் சுருள் ஒன்று இருக்கட்டும், இருத்தல் நன்று. ஆனால் ஒன்றை ஒட்டும்பொழுதே, அதனைச் செவ்வனே பழுது பார்க்கும் நாளையும் குறித்து வையுங்கள். இந்த மழைக்காலம் தொடங்குமுன், சென்ற ஆண்டு ஒட்டிய இடங்களை ஒருமுறை தேடிப் பாருங்கள். அவற்றுள் மின்கம்பி ஒன்றேனும் இருப்பின், இன்றே அதனை மாற்றச் செய்யுங்கள்.