பூச்சி மாத்திரையின் வயது வரம்பு

ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், அல்பெண்டசோல் வழங்கப்படுகிறது. மக்கள் அதைப் பூச்சி மாத்திரை என்பர். 2015இல் ஒன்றிய அரசு தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்கத் திட்டம் இது. ஒன்று முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைக்கு அரை மாத்திரை. அதற்குமேல் 19 வயது வரை 400 மில்லிகிராம் முழு மாத்திரை. தமிழ்நாட்டில், கருவுற்றோரும் பாலூட்டுவோரும் நீங்கலாக, 20 முதல் 30 வயது வரையிலான பெண்களும் சேர்க்கப்பட்டுள்ளனர். மலிவான, பாதுகாப்பான மருந்து. புழு சர்க்கரைச் சத்தை ஈர்க்கவிடாமல் தடுத்து அதைப் பட்டினி போட்டுக் கொல்கிறது. திட்டத்தைக் குறைகூற இதுவரை எதுவுமில்லை.

கொக்கிப்புழுவிடம் வரும்போதுதான் வயது வரம்பு இடறுகிறது. உருண்டைப்புழு வாய்வழி வருவது, சிறுவரையே மிகுதியாகப் பற்றுவது. கொக்கிப்புழுவின் வழி வேறு. மலம் கலந்த ஈரமண்ணில் பொரிந்த இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுகிறது. சிறுகுடலைப் பற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் குருதி குடிக்கிறது. வயது ஏறினாலும் இத்தொற்று குறைவதில்லை. பல இடங்களில் பெரியவர்களிடமே மிகுதி. நிழலும் ஈரமும் அதற்கு வேண்டும். மேற்குமலை அடிவாரத்தின் நெல்வயலிலும் தென்னந்தோப்பிலும் மாந்தோப்பிலும் இரண்டும் உண்டு. அங்கே வெறுங்காலுடன் கூலிக்கு இறங்கும் நாற்பது வயது தலித் பெண்ணுக்குத் திட்டத்தில் இடமில்லை. செண்பகத்தோப்புப் பளியர் குடியிருப்பில் தேன் எடுக்கக் காடேறும் ஆணுக்கும் இல்லை.

வெறுங்காலை வறுமையின் அடையாளமாக மட்டும் மருத்துவ நூல்கள் எழுதும். தமிழ்நாட்டில் அது சாதியின் கட்டளையாகவும் இருந்தது. திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில், ஆதிக்க சாதியினர் வாழும் தெருவில் தலித்துகள் செருப்பணிந்து நடக்க 2023 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. காலணி அணிந்தால் தடுக்கக்கூடிய நோய்க்குக் காலணி மறுக்கப்பட்டவர்களே இலக்காவதைத் தற்செயல் என்று யார் சொல்வது?

வரலாறும் இதைத் தொட்டுச் செல்கிறது. 1916இல் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது மருந்து குடித்தவர்கள் தமிழகத்திலிருந்து சென்ற கூலிகள். அவர்களுள் தலித்துகள் பெருந்தொகையினர். மருந்து கிடைத்தது உண்மை. தோட்ட முதலாளிகளின் கணக்கில் அது வேலைத்திறனுக்கான செலவு. கழிப்பிடம் கட்டுவதற்கோ அவர்கள் கணக்குப் பார்த்தார்கள்.

எல்லா வயதினருக்கும் மருந்து தருவது நடவாத காரியமன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பங்கேற்ற ஆய்வொன்றில், திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் தேர்ந்தெடுத்த பகுதிகளில் பெரியவர்களுக்கும் அல்பெண்டசோல் வழங்கிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மாத்திரை மறுதொற்றைத் தடுக்காது. மண்ணில் மலம் கிடக்கும்வரை, கால் வெறுமையாக இருக்கும்வரை, அடுத்த புழு வந்துகொண்டே இருக்கும்.

திருவில்லிபுத்தூர் தனித்தொகுதி. இரு ஊர்களையும் உள்ளடக்கிய தென்காசி மக்களவைத் தொகுதியும் தனித்தொகுதியே. விவசாயக் கூலிகளுக்கும் பளியர்களுக்கும் வயது வரம்பின்றி மாத்திரை, வேலைத் தளத்தில் காலணி, காலனிக் கழிப்பறைகளுக்குத் தண்ணீர்: இம்மூன்றையும் இவ்விரு அவைகளிலும் எழுப்புமாறு அந்த உறுப்பினர்களை மாணவர் அமைப்புகள் நேரில் சென்று கேட்கலாம்.