நடிகனின் நாவும் நம் கடமையும்

முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். இயலுக்குப் பள்ளிகளும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் உள. இசைக்கு இசைப்பள்ளிகளும் மன்றங்களும் உள. மூன்றாவதாகிய நாடகத்திற்கு நம்மிடம் என்ன உளது? பெரும்பாலும் பெயர் மட்டுமே உளது. அந்நாடகத்தின் வழித்தோன்றலாய் வந்து, இன்று ஊரெங்கும் வீடெங்கும் கைப்பேசித் திரையெங்கும் ஆட்சி புரியும் திரைப்படத்தையோ, நம் இயக்கத்தாருள் பலர், "அது கூத்தாடிகளின் தொழில்; நமக்கும் அதற்கும் என்ன உறவு?" என்று ஒதுக்கித் தள்ளுகின்றனர். இவ்வொதுக்கம் தவறு, தமிழுக்குக் கேடு பயப்பது. அதனை எடுத்துக்காட்டவே இத்திங்கள் இவ்வாசிரியவுரையை எழுதுகின்றோம்.

தமிழ்க் குழந்தை அரிச்சுவடியைத் தொடுமுன்பே திரையில் பேசப்படும் மொழியைக் கேட்டுவிடுகின்றது. ஆசிரியர் ஆண்டு முழுதும் திருத்தும் ஒலிப்பை ஒரே மாலைப் பொழுதில் ஒரு படம் கெடுத்துவிடுகின்றது. அத்திரையில் அசையும் நாவு எவனுடையது? அவன் எங்குப் பயின்றான்? எதனை உண்டு உயிர்வாழ்கின்றான்? அவன் வயிறு எவன் கையில் இருக்கின்றதோ, அவன் நாவும் அவன் கையிலேயே இருக்கும். ஆகவே, நடிகனின் பிழைப்பு மொழிச்சிக்கலே அன்றி வேறன்று.

"கூத்தாடி" என்று இகழ்வோர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். துறவு பூண்ட இளங்கோவடிகள் அரங்கின் அளவைக் கோல்கொண்டு அளந்து கூறினார்: அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையிலேயே அரங்கேறினாள் என்பதும் அவர் தரும் செய்தியே. தொல்காப்பியரோ நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாட்டை எட்டாக வகுத்து வைத்தார். நடிப்புக்கு இதனினும் தொன்மையான பாடநூல் நமக்கு எதற்கு? 1897-இல் பரிதிமாற்கலைஞர் நாடகவியல் நூலை யாத்தது இம்மரபை மீட்கவேயன்றோ? தனித்தமிழ் உணர்வுக்கு வித்திட்ட பெருமகன் நாடகத்தை இழிவென்று எண்ணவில்லை. அவர்வழி வந்த நமக்கு மட்டும் அவ்விழிவுணர்ச்சி எங்கிருந்து வந்தது?

பொருநை நிலத்திற்கு இத்தொழிலில் உள்ள உரிமை சிறிதன்று. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்பெறும் சங்கரதாசு அடிகள் 1867-இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1918-இல் மதுரையில் அவர் நிறுவிய சிறுவர் நாடகக் குழு உண்மையில் ஒரு பள்ளியே. எழுத்தைப் பிழையற ஒலித்தல், நூற்றுக்கணக்கான பாடல்களை நெஞ்சில் நிறுத்தல், ஒலிபெருக்கியின்றிக் கடைசி வரிசை வரை குரலைச் செலுத்தல், ஒருவன் நோயுற்றால் மற்றொருவன் அன்றிரவே அவன் வேடத்தைத் தாங்கல் ஆகிய அனைத்தையும் அக்காலக் குழுக்கள் கற்பித்தன. அங்கே அடியும் உண்டு, பசியும் உண்டு, பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளின் கண்ணீரும் உண்டு. அவற்றை மீட்டுக் கொணர்க என்று யாம் கூறவில்லை. பயிற்சியை மீட்க என்றே கூறுகின்றோம்.

அப்பயிற்சி ஒருவனுக்கு எத்தனை ஆண்டுச் சோறிடும் என்பதற்குச் சுண்டங்கோட்டை டி.எசு. பாலையாவே சான்று. 1914-இல் பிறந்து, நாடகக் குழுவில் வளர்ந்து, 1936-இல் வெளிவந்த 'சதி லீலாவதி'யில் திரைக்கு வந்தவர் அவர். 1937-இல் 'அம்பிகாபதி'யில் கொடியவன். 1956-இல் 'மதுரை வீர'னில் மீண்டும் கொடியவன். 1959-இல் 'பாகப்பிரிவினை'யில் குடும்பத்தின் மூத்தவர். 1964-இல் 'காதலிக்க நேரமில்லை'யில் பிள்ளைகளிடம் ஏமாறும் தந்தை. 1965-இல் 'திருவிளையாட'லில் செருக்குற்ற பாடகர். 1968-இல் 'தில்லானா மோகனாம்பா'ளில் தவிற்கலைஞர். 1972-இல் மறையும் வரை அவர் தொழில் அறவில்லை. 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேசு கதை சொல்லச் சொல்லப் பாலையா மிகுதியாகப் பேசுவதில்லை, கேட்கின்றார், அச்சம் என்னும் மெய்ப்பாடு அவர் முகத்தில் படிப்படியாக ஏறுகின்றது. 'திருவிளையாட'லில் பெருமிதம் உடைந்து நள்ளிரவில் ஊரைவிட்டு நழுவும் வேளையிலோ, அதே முகம் இளிவரலைக் காட்டுகின்றது. இவை தற்செயலாய் வருவன அல்ல, பயின்று பெற்றவை.

செங்கோட்டை எசு.வி. சுப்பையாவையும் எண்ணுக. 1956-இல் எல்லைப் போராட்டத்தின் பயனாய்த் தமிழகத்தோடு இணைந்த மண் செங்கோட்டை. அம்மண்ணின் மகன் 1961-இல் 'கப்பலோட்டிய தமிழ'னில் எட்டயபுரத்துப் பாரதியாகவே நின்றார். தலைமை வேடம் தாங்காமலேயே, ஏழைத் தந்தையாகவும் நொந்த உள்ளத்தினராகவும் நடித்துத் தமிழர் நெஞ்சில் இடம்பெற்றவர் அவர்.

அண்மைக் காலத்தவரைக் கூறின், வல்லநாட்டில் 1944-இல் பிறந்த தில்லி கணேசு. பத்தாண்டு இந்திய வான்படையில் பணிபுரிந்தவர். தில்லியில் தமிழ் நாடகக் குழுவில் நடித்தவர். அதனாலேயே அவ்வூர்ப் பெயர் அவர் பெயரோடு ஒட்டியது. இயக்குநர் பாலச்சந்தரால் முப்பது அகவை கடந்த பின்னரே திரைக்கு வந்தார். 2024 நவம்பர் 9-இல் மறையும்போது 400-க்கு மேற்பட்ட படங்களில் நடித்திருந்தார். 'சிந்து பைரவி'யில் குடிப்பழக்கம் உடைய தண்ணுமைக் கலைஞர், 'அபூர்வ சகோதரர்க'ளில் கொலைகாரர், 'மைக்கேல் மதன காமராச'னில் பாலக்காட்டுச் சமையற்காரர் என ஒன்றோடொன்று ஒவ்வாத வேடங்கள்! தலைமை வேடம் அவருக்குக் கிட்டியது மிக அருகியே. ஆயினும் அரை நூற்றாண்டுக்குச் சற்றே குறைந்த காலம் நடிப்பே அவருக்குத் தொழிலாய் இருந்தது.

இம்மூவர் வாழ்விலிருந்து இளைஞர் கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, திரைக்கு முன் மேடை. மேடைக்கு முன் பயிற்சி. இரண்டாவது, வேடத்தின் சிறுமை பெருமை பாராமை. தலைவனாகவே வருவேன் என்று காத்திருந்தோர் பலர் காத்திருந்தே முதியராயினர்; கிடைத்த வேடத்தைத் தாங்கியோர் நிலைத்தனர். மூன்றாவதும் இன்றியமையாததும் நாத்திறம். முகத்தின் பொலிவு பத்தாண்டில் மாறும்; உடலின் கட்டு தளரும்; தமிழைத் தெளிவுற ஒலிக்கும் நாவு எழுபதிலும் சோறு போடும்.

இன்றைய நிலை என்ன? அக்குழுக்கள் கலைந்தன. அவற்றின் இடத்தில் வேறொன்றும் எழவில்லை. அம்பாசமுத்திரத்திலும் சேரன்மாதேவியிலும் பாளையங்கோட்டையிலும் நடிப்பு வேட்கை கொண்ட இளைஞன் நெல்லை விரைவு வண்டியில் ஏறிச் சென்னைக்குச் செல்கின்றான். அங்கு அவனுக்குக் கிட்டுவது பெரும்பாலும் கூட்டத்தில் நிற்கும் வேலை. நாட்கூலி இடைத்தரகன் கை வழியே வருகின்றது. அவன் எடுத்தது போக எஞ்சியதே இவனுக்கு. அழைப்பு வரும் நாள்களினும் வாராத நாள்களே மிகுதி. ஊதியம் இவ்வளவு, நாள் இத்தனை என்று எழுதிய தாள் ஒன்றும் பலரிடம் இல்லை. இந்நிலையில் உள்ளவனிடம் பிறமொழி கலந்த உரையாடலைக் கொடுத்தால், "இது தமிழன்று, பேசேன்" என்று மறுக்கும் துணிவு எங்கிருந்து வரும்?

நெல்லை வழக்கோ திரையில் படும் பாடு சொல்லுந்தரமன்று. "ஏலே" என்றால் நகைப்பு, அல்லாவிடில் அரிவாள். இவ்விரண்டன்றிப் பொருநை மாந்தர்க்கு வேறு வாழ்வே இல்லை என்பது போலக் காட்டுகின்றனர். மெதுவாக என்னும் பொருளில் நெல்லைத் தாய்மார் நாள்தோறும் வழங்கும் "பைய" என்னும் சொல் திருக்குறளில் நின்று நிலவுவது. அதனை நாட்டுப்புறத்தான் பேச்சென்று நகுவோர், வள்ளுவரையே நகுகின்றோம் என்பதை அறியார். இவ்வழக்கை மதித்து, அம்மண்ணின் மாந்தரையே நடிக்கச் செய்து எடுத்த படங்கள் வந்தபோது தமிழகமே வரவேற்றதையும் மறத்தலாகாது.

மற்றொரு முறைகேடு குரல் பற்றியது. தமிழ் அறியாதோர் உதடசைக்க, தமிழ் அறிந்தோர் ஒருவர் மறைவில் இருந்து குரல் கொடுக்கின்றார். முகத்திற்குப் பெருஞ்செல்வம், குரலுக்குச் சிறுதொகை, பல வேளைகளில் பெயர்கூட இல்லை. யாம் எவருடைய பிறப்பையும் ஆராயவில்லை. கேரளத்தில் பிறந்த எம்.என். நம்பியார் நவாபு இராசமாணிக்கம் குழுவில் பயின்று, தமிழைத் தெளிவுறப் பேசினார். தெலுங்கரான பானுமதி தம் குரலிலேயே தமிழைப் பேசினார், பாடினார். அவர்களை நாம் போற்றுகின்றோம். மொழியைக் கற்க விரும்புவோரைத் தமிழ் என்றும் தள்ளியதில்லை. கற்கவே தேவையில்லை என்னும் நிலையைத்தான் யாம் எதிர்க்கின்றோம்.

இனி, உள்ளூரிலேயே வாழ்ந்த கலைஞர் ஒருவரைக் காண்க. நெல்லை தங்கராசு கூத்தில் பெண்வேடம் கட்டி ஆடியவர். 2018-இல் வெளிவந்த 'பரியேறும் பெருமா'ளில் கதைத்தலைவனின் தந்தையாக வந்து, சாதிச் செருக்கு ஒரு மாந்தனை எவ்வாறு சிதைக்கின்றது என்பதைப் பார்த்தோர் நெஞ்சு பதைக்கக் காட்டினார். படத்தை நாடே பாராட்டியது. பின்னரும் அவர் சிதைந்த வீட்டில் வறுமையோடு வாழ்ந்தமை இதழ்களில் வந்தது. அதன் பின்னரே உதவிகள் வந்தன. உதவியோர் அனைவரையும் வணங்குகின்றோம். 2023-இல் அவர் மறைந்தார். யாம் கேட்பது இதுவே: ஒரு கலைஞன் திரையில் தோன்றி, இதழில் அவன் வறுமையும் தோன்றினால்தான் உதவி வருமாயின், திரையில் தோன்றாத கணியான் கூத்துக் கலைஞர்க்கும் வில்லுப்பாட்டுக் கலைஞர்க்கும் யார் உதவுவர்? கோயில் கொடைக்காலத்தில் சில இரவுகள் மகுடம் அடித்து, மற்றைத் திங்கள்களில் கூலி வேலைக்குச் செல்லும் அவர்களன்றோ பொருநைக் கரையில் எஞ்சியுள்ள நடிப்பாசிரியர்கள்?

குறைகூறி அமைவது நம் வழக்கமன்று. செய்ய வேண்டுவனவற்றைத் தெளிவாகவே கூறுகின்றோம்.

ஒன்று: நெல்லையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி உளது. வாய்ப்பாட்டும் நாகசுரமும் தவிலும் தேவாரமும் அங்குக் கற்பிக்கப்பெறுகின்றன. அதனோடு நாடகமும் நடிப்பும் ஒரு பாடமாகட்டும். கூத்துக் கலைஞர்களே அதற்கு ஊதியம் பெறும் ஆசிரியர்களாகட்டும். கற்பவனுக்குக் கலை, கற்பிப்பவனுக்குச் சோறு.

இரண்டு: 1891-இல் வெளிவந்த ஒரு நாடக நூலின் பெயரையும் அதனை யாத்தவர் பெயரையும் சேர்த்துத் தாங்கி நிற்பது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். அந்நாடகத்தின் வாழ்த்துப் பாடலே இன்று தமிழ்நாட்டின் வாழ்த்து. தமிழ் ஒலிப்பு, மெய்ப்பாடு, வட்டார வழக்கு ஆகியவற்றை நடிகர்க்குக் கற்பிப்பதில் இப்பல்கலைக்கழகமே தலைமை ஏற்றல் முறை.

மூன்று: துணை நடிகர் ஒவ்வொருவர்க்கும் தமிழில் எழுதிய ஒப்பந்தத் தாள் வேண்டும். கூலி இடைத்தரகன் கைக்குச் செல்லாமல் நேரே உழைத்தவன் கைக்குச் செல்ல வேண்டும். குரல் கொடுத்தோர் பெயர் திரையில் தவறாமல் வர வேண்டும்.

நான்கு: 2006-இல் தமிழ்ப் பெயர் சூட்டிய படங்கட்கு அரசு வரிவிலக்கு அளித்தது. பெயர்ப்பலகை தமிழாயிற்று, கடைக்குள் இருந்த சரக்கு மாறவில்லை. இனி அரசு தரும் எந்தப் பரிசும் மானியமும் பெயரைப் பார்த்தன்று, உரையாடலைப் பார்த்தே தரப்பெறுதல் வேண்டும்.

நடிக்க விழையும் பொருநைக் கரை இளைஞனே! வண்டி ஏறுமுன் ஓராண்டு உன் ஊரிலேயே பயில்க. நாள்தோறும் ஒரு பக்கம் உரக்கப் படித்து, ழகரமும் ளகரமும் லகரமும் வேறு வேறாய் ஒலிக்கும் வரை நாவைப் பழக்குக. ஊர்க் கொடையில் கணியான் கூத்தை விடியும் வரை இருந்து பார். அண்ணாவியின் மூச்சையும் குரலையும் உற்று நோக்கு. கையில் வேறொரு தொழிலும் இருக்கட்டும். பத்தாண்டுப் படைப்பணி தில்லி கணேசின் நடிப்பைக் குறைத்துவிடவில்லை. பசித்தவன் எதற்கும் தலையாட்டுவான். பிழைப்புக்கு வழியுடையவன் "இச்சொல்லைத் தமிழில் மாற்றித் தருக" என்று கேட்பான். அவ்வாறு கேட்கும் நடிகர் பத்துப் பேர் எழுந்தால், எழுதுவோன் கை தானே திருந்தும்.

இயக்க அன்பர்களே! நம் கடமையும் எளியதே. நல்ல தமிழ் பேசும் படத்தை முதல் வாரத்திலேயே பணங்கொடுத்துப் பாருங்கள்; பிறரையும் அழைத்துச் செல்லுங்கள். நம் விழாக்களில் பேச்சாளர்க்கு ஒதுக்கும் காலத்தில் பாதியைக் கூத்துக்கும் நாடகத்திற்கும் ஒதுக்குங்கள். ஆடியவர்க்கு மாலையோடு ஊதியமும் கொடுங்கள். மாலை மறுநாள் வாடும். ஊதியம் ஒரு குடும்பத்தைத் தாங்கும். நாம் மேடையில் பேசும் தமிழை நூறு பேர் கேட்கின்றனர். நடிகன் பேசும் தமிழை நாடே கேட்கின்றது. அவன் நாவைத் தமிழுக்கு உரியதாக்குவோம். அதற்கு முன் அவன் வயிற்றுக்கு வழிசெய்வோம்.