ஐப்பசி மழையும் அந்த ஆறு நாட்களும்

ஐப்பசியின் கடைசி வாரத்தில் மாத்தளை மாவட்டத்திலே வானத்தை அண்ணாந்து நோக்காதார் எவருமிலர். பெரும்போகத்துக்கு வயலைப் பண்படுத்திய கமக்காரன் மழை வருமாவென்று நோக்குவான். அறுத்த மரக்கறியைத் தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்ற வேண்டியவன் மழை ஓயுமாவென்று நோக்குவான். 2024ஆம் ஆண்டு அதே வாரத்தில் மூன்றாவதொரு கூட்டமும் வானத்தை நோக்கி நின்றது. அது கிறிக்கெற் இரசிகர் கூட்டம். நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே என்பதை ஒளிப்பதற்கில்லை.

நவம்பர் 9ஆம், 10ஆம் திகதிகளில் தம்புள்ளையில் நியூசிலாந்து அணிக்கெதிராக இருபது ஓவர் ஆட்டங்கள் இரண்டு. 13ஆம் திகதி ஒருநாள் ஆட்டம். 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல். பகலில் வாக்குக் கேட்டு லயம் லயமாக ஏறி இறங்குவதும், இரவில் ஓட்ட எண்ணிக்கை கேட்பதுமாக அவ்வாரம் கழிந்தது. தேர்தல் வேலைக்குப் போனவிடத்தில் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது பொறுப்பின்மை என்று எம்முடன் வந்த மூத்த தோழர் ஒருவர் கடிந்துகொண்டார். ஆனால், 11ஆம் திகதி காலை இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இளைஞன் ஒருவன் எம்மிடம் முதலிற் கேட்டது கட்சி விஞ்ஞாபனத்தைப் பற்றியன்று.

"ஐயா, நேத்து நாம ஏன் தோத்தோம்?" என்றான்.

கேள்வி நியாயமானதே. நியூசிலாந்து அணி 108 ஓட்டங்களுக்குச் சுருண்டுவிட்டது. ஹசரங்க 17 ஓட்டங்கள் கொடுத்து நால்வரை வீழ்த்தியிருந்தார். அவ்வளவு சிறிய இலக்கை எட்டமாட்டாமல் எமது அணி 103 ஓட்டங்களுடன் வீழ்ந்தது. பெர்குசன் தொடர்ந்து மூன்று பந்துகளில் மூவரை வெளியேற்றினார். கடைசி ஓவரில் எட்டு ஓட்டங்கள் தேவைப்பட்ட வேளையில் பிலிப்ஸ் எஞ்சிய மூவரையும் வீழ்த்தி ஆட்டத்தை முடித்துவைத்தார். பொறுமையின்மையே தோல்விக்குக் காரணம் என்று நாமும் ஒரு தீர்ப்பு வழங்கினோம். அதற்கு மேன்முறையீடு அங்கேயே செய்யப்பட்டது!

ஆயினும் அவ்விளைஞன் கூறிய "நாம" என்ற சொல்லே அன்றிரவு முழுவதும் எம் மனத்தைவிட்டு அகலவில்லை. இந்நாட்டிலே "நாம்" என்பார் யாவர் என்பதைத் தீர்மானிக்கச் சட்டசபைகள் எத்துணை முறை கூடியிருக்கின்றன! 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவனுடைய பாட்டனை இந்நாட்டவன் அல்லன் என்றது. அடுத்த ஆண்டே தேர்தல் திருத்தச் சட்டம் அவர் கையிலிருந்த வாக்கைப் பறித்தது. 1964 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரண்டு பிரதமர்கள் கையொப்பமிட்டு, இத்தனை இலட்சம் பேர் உனக்கு, இத்தனை இலட்சம் பேர் எனக்கு என்று பங்கிட்டுக்கொண்டனர். எஞ்சி நின்றவர்களின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! இத்தனைக்கும் பின்னர் அவர் பேரன் தயக்கமின்றி "நாம தோத்தோம்" என்கிறான். சட்டம் இழுத்தடித்துக் கொடுத்ததை அவன் முன்னமே எடுத்துக்கொண்டுவிட்டான்.

இலங்கை அணியை ஆதரிப்பது தமிழருக்குத் தகுமோ என்று வடக்கிலுள்ள நண்பர் சிலர் எம்மைக் கேட்பதுண்டு. போர் தின்ற மண்ணிலிருந்து எழும் அக்கேள்வியை நாம் இலேசாக எண்ணவில்லை. அவர்களுக்கு உபதேசஞ் செய்யவும் நாம் முற்படோம். எமது மனம் எவ்வாறு அமைந்தது என்பதை மட்டும் சொல்லலாம். 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேணிலே முத்தையா முரளிதரன் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று நடுவர் ஹெயர் ஏழு முறை கையை நீட்டியபோது நாம் பள்ளி மாணவர். 1920இல் தோட்டத்தில் வேலைசெய்யக் கடல்கடந்து வந்தவரின் பேரன் அவர். அன்று அவர் பக்கம் உறுதியாக நின்றவர் அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க. பின்னர் முழங்கை பதினைந்து பாகை வரை நிமிரலாம் என்று விதியே திருத்தப்பட்டது. 2010இல் காலியில் எண்ணூறாவது விக்கெற்றுடன் அவர் டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து விடைபெற்றார். சான்றைக் கண்டு விதி திருந்திய அந்த வழக்கை நாம் மறக்கவில்லை. அவருடைய அரசியற் பேச்சுக்களில் எமக்கு உடன்பாடில்லாதவை பல. அது வேறு வழக்கு.

நிற்க. தம்புள்ளை மைதானத்தைப் பற்றியும் சொல்லவேண்டியதுண்டு. ரங்கிரி தம்புள்ளை விகாரையிடம் குத்தகைக்குப் பெற்ற அறுபது ஏக்கரில் எழுந்தது அது. 2001இல் இங்கிலாந்து அணி அங்கு முதலாவது சர்வதேச ஆட்டத்தை ஆடியது. குளமும் மலையும் சூழ்ந்த அவ்விடத்தின் அழகை நாம் குறைகூறோம். ஆனால் அதே நகரில், புனித பூமி என்னும் பெயரால், சின்னஞ்சிறு பத்திரகாளி அம்மன் கோயில் 2013 ஒக்ரோபரில் இடித்தகற்றப்பட்டது. வெளிநாட்டார் வந்து பந்தடிக்க அறுபது ஏக்கர் கிடைத்த ஊரில், அம்மன் இருக்கச் சில முழ நிலம் கிடைக்கவில்லை. ஆட்டம் பார்க்கப் போகும் தமிழன் இதை நினையாது போகமாட்டான்.

11ஆம் திகதி நள்ளிரவோடு பிரசாரம் ஓய்ந்தது. 13ஆம் திகதி அமைதி நாள். சட்டத்துக்கு அடங்கி மாத்தளையில் ஒரு தேநீர்க்கடையில் அமர்ந்திருந்தோம். குசல் மெண்டிஸ் 143, அவிஷ்க பெர்னாண்டோ 100. இருவரும் சேர்ந்து 206 ஓட்டங்கள். இலங்கை 324ஐ எட்டியிருந்தபோது மழை கொட்டியது. இரசிகர் முகம் வாடிற்று. கடையோரம் ஒதுங்கி நின்ற கமக்காரர் ஒருவர் மட்டும் புன்னகை பூத்தார். பின்னர் 27 ஓவர்களில் 221 என்று இலக்கு வகுக்கப்பட்டு, நியூசிலாந்து 45 ஓட்டங்களால் தோற்றது. சட்டப் புத்தகங்களோடு வாழ்நாளைக் கழிக்கும் எமக்கும் அந்த டக்வேர்த்–லூயிஸ் கணக்கு இன்றுவரை விளங்கியதில்லை.

மறுநாள் வாக்களிப்பு. மாத்தளையின் ஐந்து ஆசனங்களில் நான்கு தேசிய மக்கள் சக்திக்கும் ஒன்று ஐக்கிய மக்கள் சக்திக்கும் போயின. தோட்டத்து இளைஞரிற் பலர் மாற்றம் வேண்டியே வாக்களித்தனர் என்பதை எம் கண்ணால் கண்டோம். அவர்களைப் பழிப்பார் பழிக்கட்டும், நாம் பழியோம்.

ஆனால் தோல்விக்குக் காரணம் கேட்ட அவ்விளைஞன் பந்தடிப்பது எங்கே தெரியுமா? கொழுந்து மடுவத்துக்கு முன்னால், லொறி திரும்பும் இடத்தில். பந்து தேயிலைக்குள் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இதற்குச் சட்டமே தடையாயிருந்த காலம் ஒன்றுண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று கைவிரித்தார்கள். 2018இல் அது திருத்தப்பட்டுவிட்டது. இனி அச்சாட்டுச் செல்லாது.

2025 மே 6ஆம் திகதித் தேர்தலில் தெரிவான உக்குவளை, இறத்தோட்டைப் பிரதேச சபை உறுப்பினர்களிடம் நாம் கேட்பது அறுபது ஏக்கரன்று. தோட்டத்துக்கு ஓர் ஏக்கர் தரிசு நிலம், அதை மட்டப்படுத்த ஓர் இயந்திரம், வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி. நிலத்தை விடுவிக்கத் தோட்ட நிருவாகத்துக்கு எழுதவேண்டிய கடிதங்களையும் குத்தகைப் பத்திரத்தையும் நாமே எழுதித் தருவோம், கூலி கேட்கமாட்டோம்.