பொறுமை என்பது மறைப்பதன்று



இன்சுலினின்றி வாழ இயலாத சர்க்கரை நோயுற்ற குழந்தையுள்ள ஓர் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் பன்முறை ஊசி. உண்ணும் உணவுக்கெல்லாம் கணக்கு. நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்துவிடுமோ என்று எழுந்து பார்க்கும் தாய். நலம் விசாரிக்க வருவோர் குழந்தையின் தலையைத் தடவி, துஆச் செய்து திரும்புகின்றனர். "நீ உறங்கினாயா, மகளே?" என்று அத்தாயைக் கேட்பவர் யார்? எவரேனும் கேட்பினும், "அல்ஹம்து லில்லாஹ், நலமே" என்னும் விடை முந்திக்கொண்டு வருகிறது.

குழந்தையின் நோயை இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். குடும்பம் படும் பாட்டைக் காட்டுவது எது? அமெரிக்க உளவியலறிஞர் ஜேம்ஸ் வார்னியும் அவருடைய குழுவினரும் 2004-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். பெற்றோர் விடையளிக்க வேண்டிய அதில் 36 வினாக்கள் உள்ளன. உடற்சோர்வு, மனத்துயர், பிறருடன் பழகுதல், நினைவும் கவனமும், தம் நிலையைப் பிறருக்கு எடுத்துரைத்தல், கவலை, அன்றாட அலுவல், குடும்ப உறவு என எட்டுத் துறைகளை அவை ஆராய்கின்றன. 'ஒருபோதும் இல்லை' முதல் 'ஏறத்தாழ எப்போதும்' வரை ஐந்து விடைகள். அவை நூற்றுக்குக் கணக்கிடப்படும். மதிப்பெண் குறையக் குறையச் சுமை மிகுதி என்பது பொருள்.

அளவுகோல் எத்துணை நுட்பமாயினும், விடை மெய்யாக இருந்தாலன்றிப் பயனில்லை. துன்பத்தைச் சொன்னால் நன்றி மறந்தவளாகிவிடுவோமோ என்றஞ்சி, எல்லாவற்றிற்கும் 'இல்லை' என்றே ஒரு தாய் குறியிட்டால், அத்தாள் அவளுக்கு நூறு மதிப்பெண் வழங்கும். உதவி வேண்டாத இல்லம் என்று மருத்துவரும் எண்ணிவிடுவார்.

இதுதானா சபுர்? அருமை மகனார் யூசுப் நபியைப் பிரிந்த யஅகூப் நபி (அலை) அவர்களை நினைவுகூருங்கள். அழகிய பொறுமையை மேற்கொண்ட அப்பெருமகனாரின் கண்கள் துயரத்தால் வெளுத்துப்போன செய்தியைத் திருக்குர்ஆனின் 12-ஆம் அத்தியாயம் மறைக்கவில்லை. பொறுமையும் துயரமும் ஒரே உள்ளத்தில் குடியிருந்தன. அவர் தம் துயரை இறைவனிடமே முறையிட்டார் என்பீர்கள். உண்மையே. ஆனால், மருத்துவரிடம் உள்ள நிலையை உள்ளவாறு உரைப்பது இறைவனின் விதியைக் குறை கூறுவதாகாது. மருந்து தேடுவதன் ஒரு பகுதியே அது.

வினாத்தாள் கைக்கு வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. இன்றிரவு விழித்திருக்கும் பொறுப்பைத் தந்தை ஏற்கட்டும். கவனிப்பாரின்றி ஒதுங்கி நிற்கும் மூத்த பிள்ளையை மாமியோ சாச்சியோ அருகமர்த்திப் பேசட்டும். அடுத்த முறை நலம் விசாரிக்கச் செல்லும்போது, குழந்தையைக் கண்டபின் தாயின் முகத்தையும் பாருங்கள், கேளுங்கள், "நலமே" என்ற சொல்லோடு திரும்பிவிடாதீர்கள்.

நோயுற்ற மழலைகளுக்கும் அவர்களைச் சுமக்கும் இல்லங்களுக்கும் வல்ல அல்லாஹ் நல்லருள் புரிவானாக! ஆமீன்.